ஒட்டு நெல்லில் எடுத்த விதை ஏன் ஒன்றுபோல் வரவில்லை?

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் ஆறு மா நிலத்தில் விவசாயம் செய்கிறேன். போன வருஷம் குறுவையில் கடையில் வாங்கிய ஒட்டு நெல் போட்டேன், நல்ல விளைச்சல். ஒட்டு விதையின் விலை கட்டுப்படியாகாததால் அதிலேயே விதை எடுத்து, இந்தக் குறுவைக்கு மூன்று மாவில் நட்டேன். ஒரே நாளில் நட்ட பயிரில் ஒரு குத்து உயரம், பக்கத்துக் குத்து குட்டை. சிலது பத்துப் பதினைந்து நாள் முந்திக் கதிர் விட்டது. சில கதிர்கள் முழுக்கப் பதர். விதை எடுத்து வைத்ததே குற்றம் என்கிறார் கடைக்காரர். தண்ணீர்க் கோளாறு என்கிறார் பக்கத்து வயல்காரர். கலவையிலும் அருமையாக நின்ற நாற்பது ஐம்பது குத்துகளின் கதிரைத் தனியாக அறுத்து வைத்திருக்கிறேன். தாளடிக்கு அதைப் போட்டால் பழைய விளைச்சல் வருமா?

இன்னொரு சந்தேகம். எங்கள் மாப்பிள்ளைச் சம்பா பல வருஷமாக வீட்டு விதைதான், மாறவே இல்லை. அது மட்டும் எப்படி? அதற்குப் பக்கத்து வயலில் போடும் வெள்ளை நெல்லில் சிவப்பு அரிசி தட்டுப்படுகிறதே, மகரந்தம் பறந்து வந்ததா? பிளஸ் டூ படிக்கும் என் மகள், மெண்டல் பாடத்தில் 3:1 என்று இருக்கிறது, நம் வயலில் அப்படி எதுவும் தெரியவில்லையே என்று கேட்கிறாள்.

வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

தாளடிக்கு நாற்று விடும் நாள் நெருங்குவதால் அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எடுத்து வைத்திருக்கும் கதிர்களை நம்பித் தாளடியில் இறங்க வேண்டாம். போன வருஷ விளைச்சல் அதில் திரும்பாது. இந்தக் குறுவையில் பார்த்த கலவைதான் கொஞ்சம் வேறு மாதிரியாக மறுபடியும் வரும். ஆடுதுறை 39, ஆடுதுறை 46 மாதிரி நிலைத்த ரகம் ஒன்றில், அதாவது வீட்டு விதை எடுத்துப் போட்டாலும் மாறாத ரகம் ஒன்றில், சான்று விதை வாங்கிப் போடுங்கள். அந்தக் கதிர்களைத் தூக்கி எறியவும் வேண்டாம். அவற்றை வைத்துச் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

விதை எடுத்து வைத்தது குற்றம் இல்லை. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001ல் வந்தது. தன் வயலில் விளைந்ததை விதையாக எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பிறருக்குக் கொடுக்கவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று அது தெளிவாகச் சொல்கிறது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தின் விதையை பிராண்டு பெயர் போட்டு விற்பதைத்தான் அது தடுக்கிறது. ஆகவே அந்தப் பயம் வேண்டாம். உங்கள் வயலில் நடந்தது முழுக்க முழுக்க விதையின் பிறப்போடு சம்பந்தப்பட்டது.

தண்ணீர்க் கோளாறா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம், அதற்கான தடயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தண்ணீரோ உரமோ மண்ணோ காரணம் என்றால் வயலில் திட்டுத் திட்டாகத் தெரியும். மேட்டுப் பக்கம் குட்டையாக இருக்கும், மடைவாய்ப் பக்கம் செழித்திருக்கும், களர் உள்ள மூலையில் பயிர் மஞ்சளாக நிற்கும். அந்தத் திட்டுக்குள் எல்லாக் குத்தும் ஒரே மாதிரி பாதிக்கப்பட்டிருக்கும். உங்கள் வயலில் அப்படி இல்லை. ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில், ஒரு சாண் இடைவெளியில் நிற்கும் இரண்டு குத்துகள் வேறு வேறாக இருந்தால் வேறுபாடு செடிக்குள் இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையை மனதில் வைத்துக்கொண்டால் பல இடங்களில் உதவும்.

செடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்கள், மொத்தம் 24. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய்ச் செடியிலிருந்து வந்தது, மற்றது தந்தைச் செடியிலிருந்து வந்தது. மரபணுக்கள் இந்தக் குரோமோசோம்களில் வரிசையாக அமைந்திருப்பதால் ஒவ்வொரு மரபணுவுக்கும் செடியிடம் இரண்டு பிரதிகள் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரியாகவும் இருக்கலாம், ஒன்றுக்கொன்று வேறாகவும் இருக்கலாம். செடி மகரந்தத்தையும் சூலையும் உண்டாக்கும்போது இந்த ஜோடி பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிதான் போய்ச்சேரும். எந்தப் பிரதி எதற்குப் போகும் என்பது பூவா தலையா போடுவது மாதிரி. அப்புறம் ஒரு மகரந்தமும் ஒரு சூலும் சேர்ந்து விதையாகும்போது மறுபடி ஜோடி உண்டாகிறது.

பரம்பரைக்கு அடிப்படையான விதி இவ்வளவுதான். இன்றைய செக் குடியரசில் இருக்கும் பர்னோ நகரத்து மடத்தில் துறவியாக இருந்த கிரிகோர் மெண்டல், 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து, எண்ணி எண்ணிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். 1866ல் கட்டுரையாக வெளியிட்டார். 1900 வரை அதன் அருமையை உலகம் உணரவில்லை, அவரோ 1884லேயே இறந்துவிட்டார். குரோமோசோம் என்ற ஒன்றை அறியாமலே, வெறும் எண்ணிக்கையை வைத்து இதைச் சொன்னார் என்பது இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இனி ஒட்டு நெல்லுக்கு வருவோம். போன வருஷம் நீங்கள் வாங்கிய விதை, ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட்ட இரண்டு நிலைத்த ரகங்களைக் கலந்து எடுத்தது. தாய் ரகத்தில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதியும் ஒன்றுபோல் இருக்கும், தந்தை ரகத்திலும் அப்படியே. ஆகவே அவற்றின் பிள்ளைகள் எல்லாம் தாயிடமிருந்து ஒரே தொகுப்பையும் தந்தையிடமிருந்து ஒரே தொகுப்பையும் வாங்கிக்கொள்கின்றன. ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் வேறுபாடே இருக்காது. இதை முதல் தலைமுறை, எஃப்-1 என்கிறோம். போன வருஷம் உங்கள் வயல் ஒரே சீராக நின்றதன் காரணம் இது. ஒரு பெற்றோரிடம் பலவீனமாக இருந்த பிரதியை மற்றவரின் நல்ல பிரதி ஈடுகட்டிவிடுவதால் வீரியமும் கூடுகிறது. பெயரிலேயே வீரிய ஒட்டு என்று வைத்திருப்பது அதனால்தான்.

ஆனால் அந்தச் செடிக்குள், இரண்டு ரகங்களும் வேறுபடும் ஒவ்வொரு இடத்திலும், இரண்டு பிரதிகளும் வேறு வேறு. அது தன் மகரந்தத்தாலேயே கருவுற்று விதை பிடிக்கும்போது எல்லா ஜோடிகளும் பிரிந்து கலைந்துவிடுகின்றன. ஒரு கணக்குச் சொல்கிறேன். தாயும் தந்தையும் வெறும் 10 மரபணுக்களில் மட்டும் வேறுபடுகின்றன, அந்தப் பத்தும் தனித்தனியாகப் பிரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறையில் 59,049 விதமான மரபுச் சேர்க்கைகள் சாத்தியம். பத்து இடத்திலும் உங்கள் போன வருஷச் செடி மாதிரியே இருக்க வாய்ப்பு 1,024ல் ஒன்று. உண்மையில் இரண்டு ரகங்கள் வேறுபடுவது பத்து இடத்தில் அல்ல, அதைவிட எத்தனையோ மடங்கு. மூன்று மாவில் லட்சத்துக்கு மேல் குத்துகள் நின்றாலும், போன வருஷச் செடியை அப்படியே ஒத்த ஒன்றை அதில் எதிர்பார்க்க முடியாது. நீங்கள் பார்த்த உயரமும் குட்டையும், முந்தியதும் பிந்தியதும் இந்தக் கலைப்பின் விளைவு.

பதர் விஷயம் தனி. நெல் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் கலப்பு விதையை வயல் அளவில் உற்பத்தி செய்வது கடினம். ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பையைக் கையால் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மகரந்தமே வளமில்லாத தாய் வரிசை ஒன்று வேண்டும். 1970ல் சீனாவின் ஹைனான் தீவில், யுவான் லாங்பிங்கின் குழுவினர் மகரந்தம் மலடாக இருந்த ஒரு காட்டு நெல் செடியைக் கண்டெடுத்தார்கள். அந்த மலட்டுத்தன்மையின் வேர் குரோமோசோமில் இல்லை, செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு, நெல்லில் அது சூல் வழியாக, அதாவது தாய் வழியாகப் போகிறது. நம் நாட்டில் விற்கும் ஒட்டு நெல்லில் பெரும்பாலானவற்றின் தாய் வரிசைக்குள் இருப்பது இந்தக் காட்டு நெல் வழி வந்த மலட்டுத்தன்மைதான்.

தாய் மலடு என்றால் பிள்ளையும் மலடாகத்தானே இருக்க வேண்டும்? அதைச் சரிசெய்யும் மரபணுவைத் தந்தை ரகம் கொண்டுவருகிறது. மீட்பு மரபணு என்று சொல்லலாம். ஒரு பிரதி இருந்தாலே மகரந்தம் வளமாகிவிடும், அதனால் எஃப்-1ல் கதிர் நிறைய மணி பிடிக்கும். இரண்டாம் தலைமுறையிலோ மலட்டுத்தன்மை தாய் வழியாக எல்லாச் செடிக்கும் வந்துவிட்டது, மீட்பு மரபணு பிரிந்து சிலவற்றுக்குக் கிடைக்காமல் போய்விட்டது. கிடைக்காத செடிகளில் பக்கத்துக் குத்திலிருந்து தற்செயலாக மகரந்தம் விழுந்த பூக்களில் மட்டும் மணி பிடிக்கும், மீதி பதர். அறுவடைக்கு முன் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்: அந்தக் குத்துகளில் கதிர் முழுதாக வெளிவராமல் அடிப்பகுதி கண்ணாடி இலையின், அதாவது கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலையின், உறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கும். இலையுறை அழுகல் நோயிலும் கதிர் அப்படி மாட்டிக்கொள்ளும், ஆனால் நோயென்றால் உறையில் பழுப்புப் புள்ளிகளும் அழுகலும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பூஞ்சைக்கொல்லிக்குச் செலவழித்தவர்கள் உண்டு.

இப்போது உங்கள் நாற்பது ஐம்பது குத்துகள். கண்ணுக்கு அருமையாகத் தெரிந்ததால் எடுத்தீர்கள், நெல்லைத் தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஒரு செடி அருமையாக இருப்பதும் அதன் விதை அருமையாக இருப்பதும் வேறு. எஃப்-1ல் இரண்டு பிரதியும் வேறு வேறாக இருந்த ஜோடிகளில் பாதி, இரண்டாம் தலைமுறைச் செடியிலும் அப்படியே பிரியாத நிலையில் இருக்கின்றன. அந்தச் செடி தடித்து நின்றதற்கு அந்தப் பிரியாத ஜோடிகளின் வீரியமே ஒரு காரணமாக இருக்கலாம். விதையில் அவை மறுபடி பிரியும். நெல் தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிர் என்பதால், ஒவ்வொரு தலைமுறையிலும் பிரியாத ஜோடிகளின் பங்கு பாதியாகக் குறையும். எஃப்-1ல் 100 விழுக்காடு, இரண்டாம் தலைமுறையில் 50, மூன்றாவதில் 25, நான்காவதில் 12.5, ஏழாவதில் ஏறக்குறைய 1.6. அப்போதுதான் ரகம் நிலைத்தது என்று சொல்ல முடியும். உங்கள் கையில் இருக்கும் கதிர்களின் மணி மூன்றாம் தலைமுறை விதை.

நான் சொல்ல வந்த நல்ல காரியம் இதில்தான் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது, ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புதிய ரகம் உருவாக்கப் பயன்படுத்தும் மூலப்பொருளின் அதே வகை. என் வேலைக் காலம் முழுவதும் எனக்கு மிகவும் பிடித்த வயல் இரண்டாம் தலைமுறை வயல்தான். ஒரு குத்து மாதிரி இன்னொன்று இருக்காது, எதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. ஆர்வம் இருந்தால் வயலின் ஒரு மூலையில் சின்னப் பாத்தி ஒதுக்குங்கள். ஒரு கதிரின் மணிகளைத் தனியாக நாற்று விட்டு, ஒரு கதிருக்கு ஒரு வரிசை என்று ஒற்றை நாற்றாக நடுங்கள். வரிசைகளைக் கலக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். பதர் விழும் வரிசை, சாயும் வரிசை, நோய் தாங்காத வரிசை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நல்ல வரிசையில் நல்ல குத்தை எடுத்து அடுத்த பருவத்தில் மறுபடி வரிசையாக நடுங்கள். வருஷத்துக்கு இரண்டு பருவம் என்றால் இரண்டு மூன்று வருஷத்தில் ஒரே சீரான சில வரிசைகள் கிடைக்கும். ஒட்டு நெல்லின் முழு விளைச்சலும் அதில் வராது, வீரியத்தில் ஒரு பங்கு கலப்போடு போய்விடும். ஆனால் உங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பொருந்திய, வருஷா வருஷம் நீங்களே விதை எடுக்கக்கூடிய ஒன்று அமையலாம். அமையாமலும் போகலாம். வயிற்றுப்பாட்டுக்கான நிலத்தில் மட்டும் இந்தப் பரீட்சை வேண்டாம்.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கு வருகிறேன். அது மாறாமல் இருப்பதன் காரணம் உங்களுக்கே இப்போது பிடிபட்டிருக்கும். எத்தனையோ தலைமுறையாகத் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவந்ததால் அதன் ஜோடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல் ஆகிவிட்டன. பிரிவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை, எனவே விதையும் செடி மாதிரியே வருகிறது. நெல் பூ காலையில் கொஞ்ச நேரமே திறக்கும். திறக்கும் தருணத்திலேயே சொந்த மகரந்தம் சொந்த சூல்முடியில் கொட்டிவிடும். வெளியே போகும் மகரந்தம் சில நிமிஷங்களில் உயிர் இழந்துவிடும். வேறு செடியோடு கலப்பது சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவுக்கு நீங்களும் போயிருக்கலாம். இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கியவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. 2018ல் அவர் மறைவதற்குள் 170க்கும் மேற்பட்ட ரகங்களை அப்படி மீட்டுவிட்டார். அந்த ஏற்பாட்டின் அடித்தளமே நெல்லின் இந்தத் தன்மகரந்தச் சேர்க்கைதான். திரும்பிவந்த நான்கு கிலோவும் கொடுத்த இரண்டு கிலோவும் ஒரே நெல். ஒட்டு நெல்லில் இப்படி ஒரு விதைப் பரிமாற்றம் நடத்தியிருந்தால் முதல் வருஷமே ரகம் சிதறிப்போயிருக்கும்.

அதற்காக நாட்டு ரகம் என்பது முழுக்க ஒரே சீரானது என்று நினைக்க வேண்டாம். பழைய ரகம் ஒன்றுக்குள் பல நிலைத்த வரிசைகள் கலந்து நிற்பது சாதாரணம். ஆகவே விதைக்குக் கதிர் எடுப்பதில் கவனம் வேண்டும். வரப்போரக் குத்துகளில் எடுக்காதீர்கள். வெளிச்சமும் காற்றும் கூடுதலாகக் கிடைப்பதால் அவை எப்போதும் தடித்துத் தெரியும், அந்தத் தடிப்பு விதைக்குப் போகாது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜோஹான்சன் என்பவர் 1903ல் இதைப் பீன்ஸ் விதையில் காட்டினார். ஒரே செடி வழி வந்த நிலைத்த வரிசையில் பெரிய விதையைப் போட்டாலும் சின்ன விதையைப் போட்டாலும் அடுத்த அறுவடையில் சராசரி எடை ஒன்றுதான். வயலின் நடுவில், எல்லாக் குத்துக்கும் ஒரே வசதி இருக்கும் இடத்தில் எடுங்கள். பூக்கும் சமயத்திலும் அறுப்புக்கு முன்னாலும் ஒரு தடவை நடந்து, ரகத்தோடு சேராத கலவன் குத்துகளை வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

சிவப்பு அரிசி பற்றிய கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அரிசியின் சிவப்பு இருப்பது மேல்தோலில், தவிட்டோடு போகும் பகுதியில். அந்தத் தோல் கருவின் பாகம் அல்ல, தாய்ச் செடியின் சூலகச் சுவர். ஆகவே இந்த வருஷம் உங்கள் வெள்ளை நெல் பூவில் மாப்பிள்ளைச் சம்பாவின் மகரந்தமே விழுந்திருந்தாலும், இந்த வருஷ அறுவடையில் அந்த மணி வெள்ளையாகத்தான் இருக்கும், தோல் தாயுடையது என்பதால். அந்த மணியை அடுத்த வருஷம் விதைத்தால், அதிலிருந்து வரும் செடியின் எல்லா மணியும் நிறத்தோடு இருக்கும், ஏனென்றால் நிறம் ஓங்கு பண்பு, ஒரு பிரதி இருந்தாலே வெளிப்பட்டுவிடும். அதாவது கலப்பு நடந்த வருஷம் வேறு, கண்ணுக்குத் தெரியும் வருஷம் வேறு.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு வழி கிடைக்கிறது. இந்த அறுவடையில் சிவப்பு மணி வந்திருக்கிறது என்றால், இந்த வருஷம் உங்கள் வெள்ளை நெல் வயலில் சிவப்பு மணி பிடிக்கும் செடிகளே நின்றிருக்கின்றன. அவை எப்படி வந்தன? கலப்பில் பிறந்தவையாக இருக்கலாம். ஆனால் அதைவிட அதிகம் நடப்பது, அறுவடை இயந்திரத்தில் ஒட்டியிருந்த நெல், சாக்கில் மிச்சமிருந்த நெல், போன பருவத்தில் உதிர்ந்து தானாக முளைத்த நெல். வித்தியாசம் கண்டுபிடிக்க, அடுத்த தடவை அறுப்புக்கு முன் சந்தேகப்படும் குத்தில் சில மணிகளை உமி நீக்கிப் பாருங்கள். சிவப்பு மணிச் செடி உயரம், தூர், கதிர் எல்லாவற்றிலும் மாப்பிள்ளைச் சம்பாவாகவே இருந்தால் அது வெறும் விதைக் கலப்படம். இரண்டு ரகத்துக்கும் இடைப்பட்டதாக, இரண்டிலும் சேராததாக இருந்தால் அது கலப்பில் வந்தது. விதைக்காக வைக்கும் பகுதிக்கும் மற்ற ரகத்துக்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி விடுங்கள், சான்று விதை உற்பத்தியில் நிலைத்த நெல் ரகங்களுக்கு அதுவே போதும் என்று வைத்திருக்கிறார்கள். இயந்திரம் உங்கள் வயலுக்குள் இறங்கும்போது முதலில் அறுத்துக் கொட்டுவதை விதைக்கு எடுக்காதீர்கள். இந்த இரண்டும் செய்தாலே தொல்லை பெரும்பாலும் தீரும்.

இனி உங்கள் மகளுக்கு. 3:1 ஏன் தெரியவில்லை என்று கேட்டது மிகச் சரியான கேள்வி. பாடத்தில் படித்ததை வயலில் தேடிப் பார்க்கத் தோன்றுவதே பெரிய விஷயம், அவளிடம் சொல்லுங்கள். மெண்டல் இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டையும் 277 குட்டையும் எண்ணினார், ஏறக்குறைய மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை. ஏனென்றால் அவருடைய இரண்டு பட்டாணி ரகங்களும் ஒரே ஒரு மரபணுவால் நெட்டை, குட்டையாக வேறுபட்டிருந்தன. நெல்லிலும் அதே கணக்கு நடந்திருக்கிறது. 1962ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டா என்ற நெட்டை ரகத்தையும் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் குட்டை ரகத்தையும் கலந்தார்கள். முதல் தலைமுறை எல்லாம் நெட்டை. இரண்டாம் தலைமுறையில் சுமார் 10,000 செடிகள் வளர்த்தார்கள், அதில் நாலில் ஒன்று குட்டை. அந்தக் குட்டைகளிலிருந்து பொறுக்கியெடுத்து 1966ல் வெளிவந்ததுதான் ஐ.ஆர். 8. தாத்தா காலத்து ஆட்களைக் கேட்டால் அந்தப் பெயரைச் சொல்வார்கள்.

அந்தக் குட்டைக்குக் காரணமான மரபணுவை 2002ல் அடையாளம் கண்டார்கள். ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் நொதி ஒன்றின் மரபணு அது. ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதுமான ஹார்மோன் கிடைத்துத் தண்டு நீண்டுவிடும். இரண்டு பிரதியும் பழுதானால்தான் குட்டை. ஒன்று ஓங்குவதும் மற்றது ஒடுங்குவதும் பலம், பலவீனம் என்ற போட்டி அல்ல. நல்ல பிரதி ஒன்றே வேலையை முடித்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி. மெண்டலின் குட்டைப் பட்டாணியிலும் இதே ஹார்மோனைத் தயாரிக்கும் வழியில்தான் பழுது. வெள்ளை அரிசியும் இப்படித்தான்: நிறத்தை இயக்கும் மரபணுவில் 14 எழுத்துகள் விட்டுப்போனதால், பெரும்பாலான ரகங்களில் தோல் வெள்ளையானது.

உங்கள் ஒட்டு நெல் வயலில் 3:1 தெரியாததற்குக் காரணம், இன்றைய ஒட்டு ரகங்களின் தாயும் தந்தையும் பெரும்பாலும் இரண்டுமே அந்தக் குட்டை மரபணுவை வைத்திருப்பவை. அந்த இடத்தில் பிரிவதற்கு ஒன்றுமில்லை. நீங்கள் பார்த்த உயர வேறுபாடு, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வேறு பல மரபணுக்களால் வந்தது. அப்படிப்பட்ட பண்பில் நெட்டை, குட்டை என்று இரண்டு கட்சி இருக்காது. குட்டையிலிருந்து நெட்டை வரை எல்லா உயரமும் வரிசையாக இருக்கும், நடுத்தரம் அதிகமாக இருக்கும். விளைச்சல், வயது, மணி எடை எல்லாம் இந்த வகைதான். மனிதர்களின் உயரமும் அப்படியே.

அவளுக்கு 3:1 பார்க்க ஆசையாக இருந்தால் வீட்டிலேயே வழி இருக்கிறது. வெள்ளை நெல் வயலில் கலப்பில் வந்ததாகத் தோன்றும் சிவப்பு மணிக் குத்து ஒன்று கிடைத்தால், அதன் மணிகளைத் தனியாக விதைத்து, நூறு குத்தாவது ஒற்றை நாற்றாக நடச் சொல்லுங்கள். அறுவடையில் ஒவ்வொரு குத்திலும் சில மணிகளை உமி நீக்கிப் பார்த்து எண்ணினால், நாலில் மூன்று குத்து நிறமுள்ளதாகவும் ஒன்று வெள்ளையாகவும் வரும். சிவப்போடு சில பழுப்பும் வந்தால் நிறமுள்ள பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம், அது இன்னொரு மரபணுவின் வேலை. மணிகளை எண்ணக் கூடாது, குத்துகளை எண்ண வேண்டும், ஒரு குத்தின் எல்லா மணிக்கும் ஒரே நிறம் என்பதால். 75க்கு 25 என்று அச்சாக வராது, 70க்கு 30 வந்தாலும் சரிதான். மெண்டலுக்கே 2.84க்கு 1 தான் வந்தது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று மாவில் பள்ளமான பகுதி இருந்து, ஐப்பசி மழையில் பயிர் மூழ்குவது வழக்கமென்றால், அடுத்த வருஷம் அந்தப் பகுதிக்குத் தாளடி வேண்டாம், ஒரு போகச் சம்பாவாக 1009 சப்-1 போடுவதை யோசியுங்கள். நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த சி.ஆர். 1009தான் அது, ஒரே ஒரு மரபணு மட்டும் கூடுதல். ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து எடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்தில் அந்த மரபணு இருந்தது, 2006ல் அதைத் தனியாக அடையாளம் கண்டார்கள். சாதாரண நெல் மூழ்கியதும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டுவதற்காக அவசரமாக வளர்ந்து, இருப்பில் உள்ள மாவுச்சத்தை எல்லாம் தீர்த்துவிட்டு அழுகிப்போகிறது. இந்த மரபணு உள்ள நெல் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சத்தைச் சேமித்து வைத்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கிறது. இரண்டு வாரம் வரை தாங்கும்.

அந்த மரபணுவை 1009க்குள் கொண்டுவந்த முறையும் மேலே சொன்ன கணக்குதான். கலப்புச் செடியை மறுபடி மறுபடி 1009 உடனேயே கலந்தார்கள். ஒவ்வொரு கலப்பிலும் ஒடிசா ரகத்தின் பங்கு பாதியாகும்: 50, 25, 12.5, 6.25. வேண்டிய மரபணு தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் டி.என்.ஏ. சோதனையில் பார்த்துக்கொண்டார்கள். முடிவில் தன்மகரந்தச் சேர்க்கையால் நிலைப்படுத்தினார்கள். அது நிலைத்த ரகம் என்பதால் ஒரு தடவை சான்று விதை வாங்கினால், கலவன் நீக்கிக்கொண்டு அடுத்த சில வருஷங்களுக்கு உங்கள் வீட்டு விதையையே போடலாம். வாங்கும்போது மூட்டையில் நீல நிறச் சான்று அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை அட்டை என்றால் அது ஆதார விதை, இன்னும் நல்லது. ரசீதையும் அட்டையையும் அறுவடை முடியும் வரை பத்திரமாக வையுங்கள், விதையில் ஏதாவது தவறிருந்தால் வேளாண் அலுவலரிடம் காட்ட அவை வேண்டும்.